மலை கேட்கும் ஷூ

பெங்களூர் ஜோகுபாளையத்துச் சந்துகளிலிருந்து சாவனதுர்காப் பாறை வரை: ஓடப் போகும் பாதத்துக்கும் ஓடப் போகும் தரைக்கும் நடுவே ஒரு நல்ல ஷூவைத் தேடுவது எப்படி?

ஜோகுபாளையத்தில் ஒரு வீட்டில் எத்தனை பேர், யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதை வாசற்படியைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூ, ஆபீஸ் ஷூ என்று எல்லாம் அங்கேதான் கிடக்கும். அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் இடையே, வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் பகுதி இது. உள்ளே இடம் கிடையாது; செருப்புக்கு வாசல்தான். இப்போது அந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அடியில் டிராக்டர் டயர் மாதிரி பற்கள் வைத்த, செம்மண் அப்பிய ஓட்ட ஷூ.

அந்தச் செம்மண் ஜோகுபாளையத்தில் ஒட்டியதல்ல. நகரத்துக்கு வெளியே 50, 60 கிலோமீட்டர் தள்ளி நந்தி மலை, ஸ்கந்தகிரி, சாவனதுர்கா, ராமநகரம் என்று சுற்றிலும் பாறை மலைகள். தார் ரோட்டை விட்டு இறங்கி, ஒற்றையடிப் பாதையிலும் சரளைக் கல்லிலும் பாறைச் சரிவிலும் ஓடுவதற்கு டிரெயில் ரன்னிங் என்று பெயர். சாஃப்ட்வேர்காரர்கள் தொடங்கி வைத்த பழக்கம் என்று சொன்னாலும், ஞாயிறு விடியற்காலையில் மலையடிவாரத்தில் இறங்குபவர்களில் கூரியர் கம்பெனி ஊழியரும் ஜிம் பயிற்சியாளரும் உண்டு. மலை ஏற சம்பளச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் ஷூ வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஜோகுபாளையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இந்திரா நகரின் நூறடி ரோடும் சி.எம்.ஹெச். ரோடும் இருக்கின்றன. கண்ணாடி ஷோரூம்களில் ஷூக்கள் நகை மாதிரி விளக்கு வெளிச்சத்தில் வீற்றிருக்கின்றன. சில ஆயிரங்களில் தொடங்கும் விலை பதினைந்தாயிரத்தைத் தாண்டிப் போகிறது. மாதச் சம்பளத்தில் பாதியைக் காலில் போடுவதா என்ற கேள்வி ஒரு பக்கம். தப்பான ஷூவைப் போட்டுக்கொண்டு பாறைச் சரிவில் இறங்கினால் கணுக்கால் பிசகி, வேலைக்குப் போகாமல் மூன்று வாரம் வீட்டில் உட்கார வேண்டியிருக்குமே என்ற கேள்வி மறு பக்கம். தினக்கூலிக்காரருக்கு இரண்டாவது கேள்விதான் பெரிது.

காலும் தரையும்

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கால் பற்றிய சரித்திரம் ஒன்று உண்டு. அல்சூர் ஏரிக்கரையில்தான் மதராஸ் என்ஜினியர் குரூப்பின் தலைமையகம். 1780ல் மதராஸ் பயனியர்களாகத் தொடங்கிய படை அது. அதன் வீரர்களுக்கு ராணுவத்தில் செல்லப்பெயரே 'தம்பி'. 1809ல் பிரிட்டிஷார் கன்டோன்மென்ட் அமைத்ததைத் தொடர்ந்து வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களின் வாடை இந்த வட்டாரத்தில் இன்னும் போகவில்லை. 18 ஆண்டுகள் மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9ல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் இந்த ஏரிப் பக்கம்தான். சற்றுத் தள்ளி கௌதமபுரம். பீலேவுக்குச் சிலை வைத்துக் கொண்டாடும் கால்பந்துப் பேட்டை.

அந்தக் கால்பந்தில்தான் ஷூ பற்றிய முதல் பாடம் இருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து ஆடிய இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். பெங்களூரின் அகமது கானும் அந்த அணியில் இருந்தார். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். இந்தியா 1-2 என்றுதான் தோற்றது. உலகமே வியந்தது. நான்கு ஆண்டு கழித்து 1952ல் ஹெல்சின்கி. குளிர்ந்த, வேறு மாதிரியான தரை. யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோல்வி. அதன் பிறகுதான் இந்தியக் கால்பந்தில் பூட்ஸ் கட்டாயமானது. உள்ளூர் மைதானத்தில் குறையே இல்லாத பாதம் வெளியூர்த் தரையில் வழுக்கியது. தரை மாறினால் காலுக்குத் தேவையானதும் மாறுகிறது. டிரெயில் ஷூ வாங்கும்போது கடைக்காரர் கடைசியாகக் கேட்கும் கேள்வி, வாங்குபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: எந்தத் தரையில் ஓடப் போகிறோம்?

பெங்களூரைச் சுற்றி அந்தத் தரை பெரும்பாலும் ஒன்றுதான். பாறை. லால்பாக்கின் நடுவே நிற்கும் பாறை சுமார் 300 கோடி ஆண்டுப் பழசு. தேசிய நிலவியல் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மேற்கே ராமநகரம் பக்கம் போனால் சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள கிரானைட். ராமநகரத்தின் பழைய பெயரான குளோஸ்பேட் என்பதையே அந்தக் கல்லுக்கும் வைத்திருக்கிறார்கள். 1975ல் வந்த 'ஷோலே' படத்தில் கப்பர் சிங் உலவிய பாறைகள் இவைதான். மாகடி அருகே சாவனதுர்கா 1,226 மீட்டர் உயரம்; கரிகுட்டா, பிளிகுட்டா என்று கறுப்பும் வெளுப்புமாக இரண்டு குன்றுகள். அடிவாரத்திலிருந்து பார்த்தால் ஒரே கல்லைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும்.

இந்தப் பாறைக்கு மூன்று முகங்கள். காய்ந்திருக்கும்போது சொரசொரப்பான உப்புத்தாள் மாதிரி. சாதாரண ரப்பர் செருப்பே பிடித்துக்கொள்ளும். பாறை உதிர்ந்து பொடிக்கல்லாகச் சரிவில் பரவிக் கிடக்கும் இடம் இரண்டாவது முகம். சிமென்ட் தரையில் கேழ்வரகைக் கொட்டிவிட்டு நடந்து பார்த்தவர்களுக்கு அது எப்படியென்று தெரியும். மூன்றாவது, மழைக்காலம். நீர் வழிந்த தடத்தில் கறுப்பாகப் பாசி படர்ந்திருக்கும். அங்கே எந்தக் கம்பெனியின் எந்த ஷூவும் உத்தரவாதம் இல்லை. மேகம் கறுத்தால் இறங்கி வருவதுதான் அங்கே நல்ல ஷூ.

பட்டன் எவ்வளவு?

லாரி டிரைவர்கள் டயரின் பள்ளம் மேடுகளைப் பட்டன் என்பார்கள். 'பட்டன் தேய்ந்த டயர்' என்றால் மலைப்பாதைக்கு லாயக்கில்லை. டிரெயில் ஷூவின் அடியில் இருப்பதும் பட்டன்தான்.

அந்தப் பட்டனுக்கு ஒரு சோகக் கதை உண்டு. 1935ல் இத்தாலிய ஆல்ப்ஸில் புன்டா ரசிகா என்ற சிகரத்தில் மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூக்களோடு ஏறிய குழு பனிப்புயலில் சிக்கியது. ஆறு பேர் இறந்தார்கள். குழுவில் இருந்த விட்டாலே பிரமானி, பாறையிலும் பனியிலும் ஒருசேரத் தாங்கும் ரப்பர் அடிப்பாகம் ஒன்றை பிரெல்லி டயர் கம்பெனியின் உதவியோடு உருவாக்கினார். 1937ல் வந்த அந்த அடிப்பாகத்துக்கு 'பீரங்கி வண்டி' என்று அர்த்தப்படும் இத்தாலியப் பெயர். அவர் பெயரையும் குடும்பப் பெயரையும் ஒட்டிப் பிறந்ததுதான் விப்ரம். இன்றும் பல ஷூக்களின் அடியில் மஞ்சள் முத்திரையாக இருக்கிறது.

ஆனால் பட்டன் உயரமாக இருந்தால் பிடிமானம் அதிகம் என்று நினைப்பது பாதி உண்மை. ஐந்து, ஆறு மில்லிமீட்டர் பட்டன் சேற்றில் ஊன்றி நிற்கும். கெட்டிப் பாறையில் ஊன்ற இடமில்லை; பட்டனின் நுனி மட்டுமே தரையைத் தொடும். தொடும் பரப்பு குறையும்போது கால் ஆட்டம் காண்கிறது. சாவனதுர்கா, ராமநகரம் மாதிரி இடங்களுக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர் போதும். அதைவிட முக்கியம் ரப்பரின் தன்மை. மிருதுவான, ஒட்டும் ரப்பர் பாறையைக் கவ்வும். ஆனால் தார் ரோட்டில் சீக்கிரம் தேயும். ஜோகுபாளையத்திலிருந்து ஏரியைச் சுற்ற ஒரு ஷூ, மலைக்கு ஒரு ஷூ என்று வைத்துக்கொள்ள எல்லோராலும் முடியாது. ஒரே ஜோடியில் இரண்டையும் சமாளிக்க வேண்டியவர்கள், குறைந்த பட்டனும் சற்றுக் கெட்டியான ரப்பரும் உள்ளதை வாங்குவதே காசுக்குப் பாதுகாப்பு.

இதே பட்டியலோடு சிக்கமகளூர்ப் பக்கம் போனால் கதை மாறும். மல்நாட் அல்ட்ரா மாதிரி நீண்ட தூரப் பந்தயங்கள் நடக்கும் காப்பித் தோட்டப் பாதைகளில் ஈர மண், சருகு, அட்டை. அங்கே உயர்ந்த பட்டன்தான் தெய்வம். மும்பைத் தமிழர்கள் ஓடும் சஹ்யாத்ரியில் மழை நனைத்த கறுங்கல். கேரளத்துப் பக்கம் செம்புரைக்கல். ஊருக்கு ஊர் தரை வேறு. டெல்லி நண்பர் சிபாரிசு செய்தார் என்பதற்காகப் பெங்களூரில் வாங்குவது, ஊட்டி ஸ்வெட்டரைச் சென்னையில் போட்டுக்கொள்கிற மாதிரி.

அடிப்பாகத்துக்கு மேலே இருக்கும் நுரை அடுத்த விஷயம். 2009ல் பிரான்சில் பிறந்த ஹோகா கம்பெனி தடித்த நுரையோடு ஷூக்களைக் கொண்டுவந்தபோது சிரித்தவர்கள் உண்டு. பிறகு மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். நீண்ட தூரத்துக்கு முழங்காலுக்கு அது இதம். ஆனால் உயரமான ஸ்டூலில் நிற்பவர் சுலபமாகச் சாய்வார். கால் ஒரு கல்லின் விளிம்பில் பட்டால், தடித்த ஷூவில் கணுக்கால் பிசகும் ஆபத்து கூடுகிறது. புதிதாக மலைக்குப் போகிறவர்களுக்கு நடுத்தர உயரமும், அகன்ற அடிப்பாகமும், கூர்க்கல் குத்தாமல் தடுக்கும் மெல்லிய தகடும், கால்விரல் முன்னால் ரப்பர்க் காப்பும் உள்ளவை நல்லது. பொடிக்கல் உள்ளே புகாதபடி நாக்குப் பகுதி இருபக்கமும் தைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தண்ணீர் புகாத துணி வைத்த ஷூவுக்கு ஷோரூமில் மரியாதை அதிகம், விலையும் அதிகம். பெங்களூர் மழையில் தண்ணீர் பக்கவாட்டிலிருந்து வருவதில்லை. சாக்ஸ் வழியாக மேலிருந்து இறங்குகிறது. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் ஷூ சொம்பாகிவிடும். வலைத்துணி ஷூ நனையும். ஆனால் ஓட ஓட வடிந்துவிடும். பனிப்பிரதேசத்துக்குப் போகாதவர்கள் அந்தக் கூடுதல் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

நம் பாதம், அவர்கள் அளவு

எல்லாவற்றையும் சரியாகப் பார்த்து வாங்கிய பிறகும் பெருவிரல் நகம் கறுத்துப் போகிறவர்கள் ஏராளம். தப்பு ஓட்டத்தில் அல்ல, அளவில்.

செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த பாதத்தில் விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். இது குறையல்ல. மணிப்பால் மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்து 1992ல் வெளியிட்ட முடிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. காலணி போட்டு வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவிகிதத்தினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவிகிதம்தான். சந்தில் வெறுங்காலோடு ஓடி விளையாடிய பையனின் பாதம் ஷோரூம் பையனின் பாதத்தைவிட மோசமில்லை என்று அர்த்தம்.

மோசமானது ஷூவின் அச்சு. கடைகளில் இருக்கும் ஆறு, ஏழு, எட்டு என்ற எண்கள் பிரிட்டிஷ் அளவு. சென்னை அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை ஸ்கேன் செய்து அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியப் பாதம் அகலமானது என்று தெரியவந்தது. 'பா' என்ற பெயரில் எட்டு அளவுகள் கொண்ட இந்திய முறையும் பரிந்துரைக்கப்பட்டது. பாரதத்தின் முதல் எழுத்து.

அகலம் போதாதபோது நம் ஆண்கள் செய்யும் வேலை ஒன்றுதான். ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது. இப்போது அகலம் சரி, நீளம் அதிகம். சமதரையில் ஒன்றும் தெரியாது. சரிவில் இறங்கும்போது பாதம் முன்னால் வழுக்கி விரல்கள் சுவரில் மோதும். குதிகால் மேலெழும்பி உரசிக் கொப்புளம் போடும். அதைத் தடுக்க நாடாவை இறுக்கினால் மேல்பாதம் மரத்துப் போகும். அகலமான அச்சில் ஷூ செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. ஒரே மாடலில் அகல ரகம் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்பதில் வெட்கம் எதற்கு?

கடையில் பத்து நிமிடம்

ஷூ வாங்கப் போக நல்ல நேரம் சாயங்காலம். நாள் முழுக்க நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓட்டத்தின் நடுவே பாதம் இருக்கும் நிலைக்கு அது நெருக்கம். ஓடும்போது போடும் சாக்ஸையே கொண்டுபோக வேண்டும். இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். பெரிய பாதத்துக்குத்தான் ஷூ. எழுந்து நின்றால் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் அட்டையை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நிற்பது இன்னொரு எளிய சோதனை. பாதம் ஓரத்தில் வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். இரண்டு கையாலும் ஷூவை முறுக்கிப் பார்க்கலாம். துணி மாதிரி முறுகினால் கல் தரைக்கு ஆகாது. கடையில் சாய்தளம் இருந்தால் இறங்கிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மாடிப்படி இருக்கவே இருக்கிறது. இறங்கும்போது விரல் முன்னால் மோதினால், "போட்டுப் போட்டு லூஸாயிடும் அண்ணா" என்று கடைப் பையன் சொல்வதை நம்பக்கூடாது. துணி கொஞ்சம் விரியும். நீளம் வளராது.

எல்லாம் பார்த்த பிறகு விலை. பிரெஞ்சுக் கம்பெனியான டெகத்லான் 2009ல் இந்தியாவில் முதல் கடையைத் திறந்தது பெங்களூர் சர்ஜாபூர் ரோட்டில்தான். அதன் பிறகு நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டும் விலையில் டிரெயில் ஷூக்கள் கிடைக்கத் தொடங்கின. விலையுயர்ந்த ஷூவுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லாமலில்லை. ஆனால் காலுக்குப் பொருந்திய நாலாயிரம் ரூபாய் ஷூ, பொருந்தாத பதினைந்தாயிரத்தைவிட மேல். தவிர்க்க வேண்டியது, சண்டே பஜார்களில் பிராண்ட் பெயரோடு கூவி விற்கும் டூப்ளிகேட். மேலே எழுத்து அப்படியே இருக்கும். அடியில் ரப்பர் பேருக்குத்தான். சினிமாவுக்குப் போக அது போதும். சரிவில் இறங்கப் போதாது.

தெருமுனையில் உட்காரும் செருப்புத் தொழிலாளியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பக்கத் துணி கிழிந்தால் அவர் தைத்துக் கொடுப்பது கம்பெனித் தையலைவிடக் கெட்டி. அடிப்பாகம் வாய் பிளந்தால் ஒட்டிக் கொடுப்பார். ஆனால் தேய்ந்த பட்டனை அவராலும் முளைக்க வைக்க முடியாது. 500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஓடிய ஷூவின் நுரை பொதுவாகச் செத்துவிடுகிறது. அதை அண்ணன் தம்பிக்குக் கொடுப்பது நம் வழக்கம். ரோட்டுக்குப் பரவாயில்லை. மலைக்கு வேண்டாம், அண்ணனின் நடைக்குத் தேய்ந்த அடிப்பாகம் தம்பியின் காலைச் சாய்த்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். 1993ல் அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் லெட்வில் 100 மைல் பந்தயத்தில் முதலில் வந்தவர் விக்டோரியானோ சுர்ரோ. மெக்சிகோவின் தாராஉமாரா பழங்குடியைச் சேர்ந்தவர். வயது 55. காலில் இருந்தது பழைய டயரை வெட்டிச் செய்த செருப்பு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் டயர் செருப்பு போட்டு ஏர் ஓட்டிய பெரியவர்கள் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஆனால் அதைக் கேட்டுவிட்டு அடுத்த ஞாயிறு வெறும் செருப்போடு சாவனதுர்காவில் ஓடக் கிளம்புவது முட்டாள்தனம். சுர்ரோவின் கால்கள் பிறந்ததிலிருந்து அந்த மாதிரிப் பாறையிலேயே பழகியவை. கம்ப்யூட்டர் முன்னாலும் ஸ்டியரிங் முன்னாலும் உட்கார்ந்த கால்களுக்கு அந்தப் பழக்கம் ஒரு வாரத்தில் வராது. முதல் சில மாதம் ஏற்றத்தை நடந்தும் இறக்கத்தை மெதுவாகவும் கடப்பவர்களின் ஷூ நீண்ட நாள் உழைக்கிறது, கணுக்காலும்தான். சாவனதுர்கா, ஸ்கந்தகிரி மாதிரி இடங்களுக்கு வனத்துறையின் ஆன்லைன் அனுமதிச் சீட்டு தேவைப்படுகிறதா என்பதையும் கிளம்புமுன் பார்த்துக்கொள்வது நல்லது.

ஷோரூம் விளக்கில் எல்லா ஷூவும் அழகுதான். பாறைக்கு அழகு தெரியாது. விலைச் சீட்டையும் அது படிப்பதில்லை. பாதத்தின் அகலத்தையும் ரப்பரின் பிடியையும் மட்டும்தான் அது சோதித்துப் பார்க்கிறது. அதில் தேறிய ஷூ ஞாயிறு மத்தியானம் ஜோகுபாளையத்து வாசற்படிக்குச் செம்மண்ணோடு திரும்பும். திங்கட்கிழமை காலை அதன் சொந்தக்காரர் பக்கத்தில் கிடக்கும் ஆபீஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, நொண்டாமல் வேலைக்குப் போவார்.